சாராயக் கும்பலுக்கு ஒரு காட்சிக்கூடம்

விழுப்புரம் பொருட்காட்சியில் மதுவிலக்குக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்துக்கு யாரோ சாமந்தி மாலை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் கூடத்தைத் திறந்த அதிகாரி மாலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். படத்தில் இருந்தது தலைவரும் இல்லை, சாமியும் இல்லை. சாராயக் கடத்தல் கும்பல் ஒன்றை நடத்தியவன். அவன் எப்பேர்ப்பட்ட கெட்டவன் என்று ஜனங்களுக்குக் காட்டத்தான் அந்தக் கூடத்தையே போட்டிருந்தோம்.

'போட்டிருந்தோம்' என்று என்னையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். என் கணவருக்கு விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் வேலை. வீடு விழுப்புரத்தில் இருந்ததால் தினமும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். கோடை விடுமுறை தொடங்கும் சமயத்தில் மதுவிலக்கு அதிகாரி பள்ளிக்கு வந்து, கூடத்துக்குப் பலகைகள் எழுதவும் படம் வரையவும் ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார். எங்கள் பெரிய டீச்சர் என்னைக் கைகாட்டிவிட்டார். நானும் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டேன். பூசணிக்காயும் கிளியும் வரையச் சொல்லிக் கொடுத்து எனக்கு அலுத்துப் போயிருந்தது.

அன்றைக்கு, ஐம்பதுகளின் கடைசியில், நம் பக்கம் முழுக்க மதுவிலக்கு. ஆனால் கண்டமங்கலம் தாண்டினால் புதுச்சேரி; அங்கே கடைகள் திறந்திருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் கடைகளை மூடவில்லை. கண்டமங்கலம் சாலை, கிளியனூர் சாலை இரண்டையும் அந்தக் கும்பல் கையில் வைத்திருந்தது. ஊருக்கு ஊர் ஆள். சரக்கு ஏற்றுகிறவன் வேறு, வண்டி ஓட்டுகிறவன் வேறு, வழியில் போலீஸ் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவன் வேறு. ஒருவனுக்கு இன்னொருவனைத் தெரியாது. எவனாவது பிடிபட்டால் வக்கீல் வருவார். அவன் குடும்பத்துக்கு மாதம் தவறாமல் அரிசி போகும். தலைவன் கிளியனூர்ப் பக்கம் மாடி வீடு கட்டிக்கொண்டு, கோயில் திருவிழாக்களுக்கு மேளம் வைத்துக் கொடுத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகைகளில் பெயர் போடும் பெரிய மனிதனாக இருந்தான்.

கடைசியில் ஒருவழியாக அவனைக் கைது செய்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். அவனுடைய கும்பலிடமிருந்து பிடித்த பொருள்களைத்தான் பொருட்காட்சியில் வைத்தோம். ஜப்பான் முறை நெல் சாகுபடிக் கூடத்துக்கும் ராட்டினத்துக்கும் நடுவில் எங்களுக்கு இடம் கிடைத்தது.

சும்மா சொல்லக்கூடாது, பொருள்கள் ஒவ்வொன்றும் அதிசயம். அடியில் இன்னொரு தளம் போட்ட மாட்டு வண்டி. மேலே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டை; கீழே சாராயம். நடுவில் தடுப்பு வைத்த பால் கேன். பெண்கள் வயிற்றில் கட்டிக்கொண்டு நிறைமாதக் கர்ப்பிணி போலப் பஸ் ஏறுவதற்காக வளைத்துச் செய்த தகரக் குடுவை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சவப்பெட்டி. கறுப்புத் துணி போர்த்தி, மேலே சிலுவை வைத்து, நாலு பேர் சுமந்து அழுதுகொண்டே எல்லையைக் கடப்பார்களாம். உள்ளே வரிசையாகப் பாட்டில்கள்.

நடுச் சுவரில் தலைவனின் படம். ஏதோ ஸ்டூடியோவில் அவனே எடுத்துக்கொண்ட போட்டோவை அதிகாரி ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார். பட்டு ஜிப்பா, கைக்கடிகாரம், கால்மேல் கால். அதன் கீழே 'சமூக விரோதி' என்று சிவப்பு எழுத்தில் நான் எழுதினேன். பக்கத்தில் குடியின் கேடுகளைச் சொல்லும் பலகைகள்.

பலகைகளை ஒருவரும் படிக்கவில்லை. வண்டியைச் சுற்றித்தான் கூட்டம்.

"ஏய், இன்னா மூளைடா! போலீசு மேலயே குந்திக்கினு போனாலும் தெரியாது போலக்கீது!"

"பொட்டிய பாத்தியா? நாலு பேரு அழுவறதுக்கும் ஆளு வெச்சிருந்தாராம்."

"அவரு ஏழைப்பட்டவங்களுக்கு எவ்ளோ செஞ்சுகிறாரு தெரியுமா? சும்மா புடிச்சி பேஜாரு பண்றானுங்க."

பையன்கள் படத்துக்கு முன்னால் நின்று தாங்களும் கால்மேல் கால் போடுவது எப்படி என்று பார்த்துக்கொண்டார்கள். பொருட்காட்சியிலேயே அதிகக் கூட்டம் எங்கள் கூடத்தில்தான் என்று அதிகாரிக்கு முதலில் பெருமை. பிறகுதான் மாலை விழுந்தது.

அதிகாரி அன்று முழுவதும் சாப்பிடவில்லை. நல்ல மனிதர், பெரிய கும்பல்களின் மிரட்டலுக்கும் அவர்கள் காட்டும் ஆசைக்கும் பணியாதவர். "டீச்சர், நான் இவன ஒழிக்கணும்னு கூடம் போட்டேன். இவனுக்குக் கோயில் கட்டிட்டேனா?" என்று கேட்டார். சாயங்காலம் என்னை அழைத்துப்போக வந்த என் கணவர், "மூடிடுங்க சார். எங்க பார்சல் ஆபீஸ்லயே ரெண்டு பேரு அந்த வண்டி மாதிரி பண்ணா எவ்ளோ புடிக்கும்னு பேசிக்கினு இருக்காங்க" என்றார். மறுநாள் ஒரு நாள் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவது என்று முடிவாயிற்று.

அந்த மறுநாள்தான் அவள் வந்தாள்.

முப்பது வயதிருக்கும். வெளுத்த நீலப் புடவை, கழுத்தில் ஜெபமாலை. கூட்டம் வண்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, அவள் நேராகச் சவப்பெட்டியிடம் போனாள். குனிந்து மரத்தைத் தடவிப் பார்த்தாள். மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். தொடக்கூடாது என்று சொல்ல வந்த சேவகரிடம் அவள் கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

"இதுக்கெல்லாம் யாரு பொறுப்பு? கூப்பிடுங்க."

அதிகாரி வந்தார்.

"ஐயா, வண்டிய வெச்சிருக்கீங்க, பொட்டிய வெச்சிருக்கீங்க, அந்தாளு படத்த வெச்சிருக்கீங்க. எங்க ஆளுங்க எங்க?"

"யாரும்மா உங்க ஆளுங்க?"

"செத்தவங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கண்டமங்கலம் பக்கத்துக் கிராமம். போன வருஷம் ஊர் வேதக்கோயில் தேர்த் திருவிழாவின்போது இந்தக் கும்பலின் சரக்கு வந்து இறங்கியது. அதில் வார்னிஷுக்குக் கலக்கும் ஸ்பிரிட்டைக் கலந்திருந்தார்கள். குடித்தவர்களில் பலர் மறுநாளே செத்துப் போனார்கள். அவளுடைய கொழுந்தன் அதில் ஒருவன். அவள் கணவர் பிழைத்தார், கண்பார்வை போய்விட்டது. யார் கலந்தது என்று சாட்சி சொல்ல ஆள் கிடைக்காததால் தலைவன் மேல் போட்ட வழக்கில் அந்தச் சாவுகள் சேரவேயில்லை.

"எங்க கொழுந்தனார அடக்கம் பண்ண பொட்டி கெடைக்கல ஐயா. ஒரே நேரத்துல அத்தினி சாவு. தச்சன் ஒருத்தன்தான். பாயில சுத்தித்தான் கொண்டுபோனோம். சாராயத்துக்கு நல்ல பொட்டி கெடச்சிருக்குது பாருங்க. தேக்கு."

அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. வீட்டில் நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிற மாதிரி, என்ன நடந்ததோ அதைச் சொன்னாள். ராட்டினத்துச் சத்தத்தை மீறி அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அதிகாரிக்கு உயிர் வந்துவிட்டது; கூடத்தை மூடும் பேச்சே போயிற்று. அவளை உட்காரவைத்து நான் சோடா வாங்கிக் கொடுத்தேன். அவர் ஆர்வத்தில், "அம்மா, நாளைக்கு உங்க வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு வாங்க. இங்க ஒரு நாற்காலி போட்டு உக்கார வெப்போம். ஜனங்க நேரா பாக்கட்டும்" என்றார்.

அவள் சோடாவைக் கீழே வைத்தாள்.

"வண்டி பொருளு. பொட்டி பொருளு. அவரு பொருள் இல்லிங்க ஐயா."

அதிகாரியின் முகம் சிவந்தது. "மன்னிச்சிக்கம்மா" என்றார். ஓர் அதிகாரி இப்படி ஒரு கிராமத்துப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், "நான் வர்றேன். எனக்கு வாய் இருக்குதே, நான் சொல்றேன்" என்றாள்.

அவளுக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. செத்தவர்களுக்குப் போட்டோ கிடையாது; அதனால் நான் அவர்களை வரைய வேண்டும். எப்படி வரைவது என்று கேட்டதற்கு, "ஊட்டுக்கு வாங்க டீச்சரம்மா, சொல்றவங்க சொல்லுவாங்க" என்றாள். அடுத்த நாள் பஸ் ஏறிப் போனேன். என்னை அவள் எந்த வீட்டுக்குள்ளும் நேராக அழைத்துப் போகவில்லை. வாசலில் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே போய்க் கேட்டாள். சரி என்றால்தான் என்னைக் கூப்பிட்டாள். ஒரு வீட்டில் ஒரு தாய், "எம் புள்ள குடிச்சி செத்தான்னு ஊரு ஊரா சொல்லணுமா? வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பையனைப் பற்றி அதன் பிறகு எந்தக் கூட்டத்திலும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஒருமுறை ஞாபகப்படுத்தியபோதும், "அவங்க வேணான்னுட்டாங்களே" என்றாள். அவ்வளவுதான்.

அவள் வீட்டில் அவளுடைய கணவர் மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நல்ல உயரமான மனிதர். "நான் அங்கல்லாம் வரமாட்டேன் டீச்சரம்மா. ஆனா தம்பிய நல்லா வரைங்க. அவனுக்கு எடது புருவத்துல ஒரு தழும்பு. சின்ன வயசுல நான்தான் கவணால அடிச்சேன்" என்றார். நான் வரைய வரைய அவள் பார்த்துச் சொன்னாள். அவர் கேள்வி கேட்டுத் திருத்தினார். "மூக்கு அவ்ளோ நீட்டா வெச்சிட்டாங்களா? இல்லியே, அவன் மூக்கு எங்க அம்மா மூக்கு." அந்த மாதிரி ஓர் ஓவியப் பாடம் எனக்கு எந்தக் கல்லூரியிலும் கிடைக்கவில்லை.

செத்தவர்களை நோயாளிகளாகவோ பிணங்களாகவோ வரையக்கூடாது என்பது அவள் கட்டளை. ஒருவன் ஏரோட்டினான், ஒருவன் தப்படித்தான், அவள் கொழுந்தன் தேரின் வடத்தைப் பிடித்துச் சிரித்தான். தலைவனின் படத்தை எடுத்துவிடலாம் என்று அதிகாரி சொன்னபோதும் அவள் மறுத்தாள்.

"இருக்கட்டும் ஐயா. அவன் மூஞ்சியப் பாத்துக்கினே சொன்னாத்தான் எனக்கு வார்த்த நேரா வருது."

அதனால் அதே சுவரில், அதே உயரத்தில், அவனுக்கு இருபுறமும் அவர்களை மாட்டினோம். 'சமூக விரோதி' என்ற சிவப்பு எழுத்தை நான் அழித்துவிட்டேன். அதைத் தனியாக எழுதிக் காட்ட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

விழுப்புரத்தில் முடிந்ததும் கூடத்தைத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் அவள் எங்கள் வீட்டில் தங்கி என்னுடன் ரயிலில் வந்தாள். வண்டியில் அவள் பேச்சைக் கேட்க வேண்டுமே! பாதிரியாரிலிருந்து பஸ் கண்டக்டர் வரை ஒருவர் விடாமல் நடித்துக் காட்டுவாள். துக்கம் சுமக்கிற பெண் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அதை அவள் தினமும் ஜன்னல் வழியே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

திண்டிவனம் அவனுடைய கோட்டை. கிளியனூர்ப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். இரண்டாம் நாளே ஒருவன் அவள் காதருகே வந்து, "ஜல்தியா ஊரு போய்ச் சேரு, ஒனக்கு நல்லது" என்றான். அவள், "சத்தமா சொல்லுப்பா, டீச்சரம்மாவுக்குக் கேக்கல" என்றாள். அவன் நழுவிவிட்டான். நான் அதிகாரி எங்கே என்று தேடினேன். அவள் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான்.

அவள் கொழுந்தனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் சலசலப்பு. "அண்ணன் வர்றாரு, வழி உடு, வழி உடு." கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. வெள்ளை முழுக்கைச் சட்டை, படத்தில் பார்த்த அதே கடிகாரம். படத்தைவிட வயதானவன். வண்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான், சொந்த மாட்டைத் தட்டுகிற மாதிரி. தன் படத்தைப் பார்த்துப் புன்னகைத்தான். பிறகு பக்கத்துப் படங்களைப் பார்த்தான்.

"இவங்கல்லாம் யாரு?"

"வாங்க" என்றாள் அவள். "உங்களப் பத்தித்தான் சொல்லிக்கினு இருக்கேன். அவசரம் இல்லன்னா நின்னு கேளுங்க."

அவன் நின்றான். இத்தனை பேர் முன்னிலையில் அவனால் போகவும் முடியாது. அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, மற்ற நாட்களில் சொல்கிற அதே வார்த்தைகளை அதே குரலில் சொல்லி முடித்தாள். அவனுக்காக ஒன்றைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "நான் விஷம் விக்கறவன் இல்லம்மா. புதுச்சேரி சரக்கு அப்படியே கொண்டாந்து குடுக்கறதுதான் நம்ம தொழிலு. நடுவுல எவனோ கலந்துட்டான்."

"வண்டி நல்லா இருந்தா அது உங்க வண்டின்றாங்க. பொட்டி நல்லா இருந்தா அது உங்க மூளைன்றாங்க. ஆளு செத்தா மட்டும் எவனோவா? அது எப்படிங்க?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார். அவன் முகம் மாறியது. ஆனாலும் பணிவாகவே, "ஒங்க ஊட்டுக்காரர மெட்ராஸ்ல பெரிய டாக்டருகிட்ட காட்ட நான் ஏற்பாடு பண்றேன்" என்றான்.

"காட்டியாச்சுங்க. நரம்பு செத்துப்போச்சுன்னுட்டாங்க. பண்ணணும்னு இருந்தா ஒண்ணு பண்ணுங்க. அந்த எவனோ பேர இங்கயே சொல்லிட்டுப் போங்க."

அவன் அதிகாரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே நடந்தான். கூட்டத்தில் பாதி அவன் பின்னாலேயே போயிற்று. அன்று எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான், அப்படி நடக்கவில்லை. வெளியே "அண்ணன் வாழ்க" என்றுகூட யாரோ கத்தினார்கள். ஆனால் மீதிப் பாதி எங்களோடு நின்றது. அவன் வந்தபோது வழி விட்டு ஒதுங்கியவர்களில் சிலர் அதில் இருந்தார்கள்.

மறுநாள் காலையில் நாங்கள் கூடத்தைத் திறக்கும்போது ஒரு மனிதன் காத்துக்கொண்டிருந்தான். நேற்று கூட்டத்தில் நின்றவன். அதிகாரியிடம் போகாமல் அவளிடம் வந்தான்.

"அக்கா, அந்த வண்டிய ஓட்டினவன் நான்தான். உங்க ஊரு திருவிழாவுக்கு சரக்கு எறக்கினதும் நான்தான்."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவன் தலையைக் குனிந்தபடியே சொன்னான். இரும்பை என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்பில் வைத்துத்தான் கலந்தார்களாம். திருவிழாவுக்குச் சரக்கும் பற்றவில்லை, ஆளும் பற்றவில்லை; அதனால் அன்று இவனையும் தோப்புக்கு அழைத்திருந்தார்கள். பெருக்கச் சொன்னது தலைவன்தான். எதைப் போட்டுப் பெருக்கினார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். "நேத்து அவரு எவனோன்னு சொன்னாரு பாருங்க. நாளைக்கு அந்த எவனோ நான்தான்னு ஆயிடும். ஆனா அதுக்காவ மட்டும் வரல அக்கா. வடம் புடிச்சிக்கினு சிரிக்கறாரே, அந்தத் தம்பிக்கு நான்தான் என் கையால ஊத்திக் குடுத்தேன்."

அவள் என்ன செய்வாளோ என்று நான் பயந்தேன். நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "சாப்ட்டியா?" என்று கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். நாங்கள் கொண்டுபோயிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள். அவன் சாப்பிட்டு முடித்த பிறகு அதிகாரியிடம் அழைத்துப் போனாள்.

அவன் கோர்ட்டில் சாட்சி சொன்னான். சொல்லும்போதெல்லாம் அவள் முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள், அவன் குரல் தடுமாறக்கூடாது என்று. தலைவனுக்கும் தோப்பில் கலந்தவர்களுக்கும் தண்டனை கிடைத்தது. வண்டிக்காரன் பிறகு இந்தப் பக்கம் இருக்க முடியாமல் குடும்பத்தோடு எங்கோ வடக்கே போய்விட்டான். கும்பல் சிதறியது. கடத்தல் நிற்கவில்லை, வேறு வேறு ஆட்கள் வந்தார்கள். ஆனால் அவளுடைய ஊரிலும் சுற்றுப்பட்டிலும் எந்தத் திருவிழாவிலும் அதற்குப் பிறகு சரக்கு இறங்கவில்லை. பெண்கள் இறங்கவிடவில்லை.

வெளிநாடுகளில் பெரிய பெரிய கும்பல்களுக்கு இப்போது காட்சிசாலையே வைத்திருக்கிறார்களாம். துப்பாக்கிகள், கார்கள், தொப்பிகள் எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் இருக்குமாம். இது நல்லதா, குற்றவாளிகளுக்குப் புகழ் சேர்ப்பதா என்று பத்திரிகையில் விவாதம் வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூடம் நினைவுக்கு வருகிறது. அதே பொருள்களை வைத்துத்தான் அவனுக்கு மாலை வாங்கிக் கொடுத்தோம். அதே பொருள்களுக்கு நடுவில் நின்றுதான் அவள் அவனைப் பதில் இல்லாமல் வெளியே அனுப்பினாள். அதனால் காட்சிசாலையே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அறுபதுகளில் புதிதாக வந்த வேறோர் அதிகாரி, பிடிபட்ட பொருள்களையெல்லாம் விழுப்புரத்தில் ஓர் அறையில் நிரந்தரமாக வைக்கலாம் என்று யோசித்தார். படங்களுக்கு என்னைக் கேட்டார். அவளைக் கேட்காமல் நான் சொல்வதில்லை என்று இருந்தேன். ஆவணி நடுவில் ஒரு நாள் ஜங்ஷனிலேயே அவர்களைப் பார்த்தேன். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நாகப்பட்டினம் வண்டிக்காகக் கணவனும் மனைவியும் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"வெக்கட்டும் டீச்சரம்மா, நல்லதுதான்" என்றாள். "ஆனா வெறும் பொருள மட்டும் வெச்சிட்டுக் கதவத் தொறந்து உட்டுட்டுப் போயிடக் கூடாது. பொருளுக்கு வாய் கெடையாது. வர்றவன் அவன் இஷ்டத்துக்கு அதப் பேச வெச்சிருவான். கேட்டா பதில் சொல்ல ஒரு ஆளு அங்க இருக்கணும்."

"யார வெக்கறது?" என்றேன்.

அவள் கணவர் சிரித்தார். "இவள வெச்சிடாதீங்க. அப்பறம் எனக்குச் சோறு போட ஆள் இல்ல."

அந்த அறை வரவேயில்லை. அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். பொருள்களை ஏலம் விட்டுவிட்டார்கள். அன்று அது எங்களுக்குத் தெரியாது. ரயில் வந்துவிட்டது, பெட்டிகள் எல்லாம் நிரம்பி வழிந்தன. அவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாசலில் ஏறி, உள்ளே இருந்தவர்களிடம் என்னவோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. ஒரு பெஞ்சு முழுக்க ஆட்கள் நகர்ந்து உட்கார்வது மட்டும் ஜன்னல் வழியே தெரிந்தது.